கற்பனை உலக மேப்பில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் ஆட்டங்களுக்கு நானே மேப் வரைந்து நடத்துகிறேன். நாடு, கண்டம் வரைய வொண்டர்டிராஃப்ட். சண்டைக்களத்துக்கு டன்ஜன்டிராஃப்ட். அவசரமாக ஒரு முழு உலகமே வேண்டுமென்றால் அஸ்காரின் மேப் ஜெனரேட்டர். நண்பர்கள் யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "இது ஏன் இப்படி வருது?" என்று கேட்காத வாரம் குறைவு. கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஏழெட்டுக் கோளாறுகள்தான். அவற்றை அறிகுறிப்படி எழுதி வைக்கிறேன். உங்கள் மேப்பில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை.

முதல் சோதனை: தப்பு எந்தப் பக்கம்?

எக்ஸ்போர்ட் செய்த படத்தைக் கணினியில் சாதாரணமாகப் படம் பார்க்கும் செயலியில் திறந்து 100 சதவீத அளவில் பாருங்கள். கோளாறு அங்கேயும் தெரிந்தால், தப்பு வரைந்த மென்பொருளிலோ எக்ஸ்போர்ட் அமைப்பிலோ இருக்கிறது. அங்கே சுத்தமாக இருந்தால் மேப்பை விட்டுவிடுங்கள். ரோல்20, ஃபவுண்ட்ரி போன்ற இணைய ஆட்டமேசையில் தேடுங்கள், இல்லையென்றால் பிரிண்டரில் தேடுங்கள். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல், நன்றாக இருக்கும் மேப்பை மூன்று தடவை திருப்பி வரைந்தவர்களை எனக்குத் தெரியும்.

படத்தின் அகலம், உயரம் எத்தனை பிக்சல் என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குகளில் பாதிக்கு அந்த இரண்டு எண்கள் வேண்டும்.

கட்டம் பொருந்தவில்லை, டோக்கன் இரண்டு கட்டத்தில் நிற்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். (டோக்கன் என்பது கதாபாத்திரத்துக்காக மேப்பில் வைக்கும் காய்.) எல்லோரும் உடனே கட்டத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். அதற்கு முன், எப்படி விலகுகிறது என்று பாருங்கள். மூன்று விதமாகத்தான் விலகும்.

இடது ஓரத்தில் 10 பிக்சல் விலகல், வலது ஓரத்திலும் அதே 10, நடுவிலும் அதே 10 என்றால் அளவு சரி, தொடங்கும் இடம்தான் தள்ளியிருக்கிறது. ஆட்டமேசையில் கட்டத்தை நகர்த்தும் வசதி இருக்கும். அங்கே 10 என்று போட்டால் முடிந்தது.

இடது ஓரத்தில் கச்சிதமாக இருந்து, வலப்பக்கம் போகப் போக விலகல் கூடுகிறதா? அப்படியென்றால் ஒரு கட்டத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண் தப்பு. 30 கட்ட அகல மேப்பை 140 பிக்சல் வீதம் எக்ஸ்போர்ட் செய்தால் 4200 பிக்சல் வர வேண்டும். வழியில் ஏதோ ஒரு செயலி அதை 4096 ஆகச் சுருக்கிவிட்டது என்று வையுங்கள். இப்போது ஒரு கட்டம் 136.53 பிக்சல். ஆட்டமேசையில் 136 என்று முழு எண்ணாகப் போட்டால், கட்டத்துக்கு அரை பிக்சல் வீதம் சேர்ந்து முப்பதாவது கட்டத்தில் 16 பிக்சல் விலகியிருக்கும். கண்ணால் பார்த்து இதைச் சரிசெய்யவே முடியாது. படத்தை கிம்ப் போன்ற படத் திருத்தச் செயலியில் திறந்து, அகலத்தைக் கட்ட எண்ணிக்கையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு மாற்றுங்கள்: 30 கட்டத்துக்கு 3000 அல்லது 4200. மூல மேப் கையில் இருந்தால் அதிலிருந்தே புதிதாக எக்ஸ்போர்ட் செய்வது இன்னும் நல்லது.

மூன்றாவதுதான் குழப்பும். நடுவில் சரியாக இருக்கும். இடது ஓரத்தில் ஒரு பக்கமாகவும் வலது ஓரத்தில் எதிர்ப்பக்கமாகவும் விலகும். ஒருமுறை 30க்கு 22 கட்டத்தில் ஒரு குகை வரைந்து, ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது இதில் மாட்டிக்கொண்டேன். அழகுக்காக மேப்பைச் சுற்றி 20 பிக்சலில் ஒரு கறுப்புச் சட்டம் போட்டிருந்தேன். படம் 4200க்குப் பதில் 4240 ஆகிவிட்டது. ஆட்டமேசை அதை 30 கட்டத்துக்குள் அமுக்கியதில் சட்டமும் கட்டக் கணக்கில் சேர்ந்துவிட்டது. சட்டத்தை வெட்டி எடுத்ததும் எல்லாம் தானாகப் பொருந்தியது. சட்டம், தலைப்புப் பட்டை, திசைகாட்டி போன்ற அலங்காரம் எல்லாம் கையேட்டில் வைக்கும் மேப்புக்குத்தான். சண்டைக்கள மேப்பில் அவை வேண்டாம்.

ரோல்20 ஒரு கட்டத்தை 70 பிக்சலாக எடுத்துக்கொள்கிறது. ஃபவுண்ட்ரி நீங்கள் மாற்றாதவரை 100 என்று வைத்திருக்கும். ரோல்20க்கு 70 அல்லது அதன் இரட்டிப்பான 140, ஃபவுண்ட்ரிக்கு 100 அல்லது 140 என்று எக்ஸ்போர்ட் செய்தால் பெரும்பாலான தொல்லை வராது. கோப்பின் பெயரிலேயே "குகை-30-22-140" என்று கட்டமும் பிக்சலும் எழுதிவிடுகிறேன். யார் எப்போது எடுத்தாலும் கணக்குப் போட வேண்டியதில்லை.

கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் மேப்பிலும் ஒரு கட்டம் பதிந்திருக்கிறது, ஆட்டமேசையும் ஒன்று போடுகிறது. எக்ஸ்போர்ட்டில் கட்டத்தை அணைத்துவிடுங்கள்.

சுவர்கள் தள்ளி நிற்கின்றன, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது

டன்ஜன்டிராஃப்டிலிருந்து யுனிவர்சல் வி.டி.டி. என்ற, ஆட்டமேசைகளுக்கான கோப்பு வகையில் எக்ஸ்போர்ட் செய்தால் படத்தோடு சுவர், கதவு, விளக்கு மூன்றும் சேர்ந்து போகும். அந்தக் கோப்பில் சுவரின் இருப்பிடம் கட்டக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். அதனால் இறக்குமதி செய்யும்போது சுவர் பொருந்திவிடும். பிரச்சினை அதற்குப் பிறகு வருகிறது. ஃபவுண்ட்ரிக்குள் வந்ததும் சுவர்கள் பிக்சல் கணக்கில் மாறி அங்கேயே நின்றுவிடும். ஒரு வாரம் கழித்து, "படத்தை மட்டும் கொஞ்சம் தெளிவாக மாற்றிவிடுவோம்" என்று 100 பிக்சல் படத்தின் இடத்தில் 140 பிக்சல் படத்தை வைத்தால், படம் வளர்ந்துவிடும், சுவர் பழைய இடத்திலேயே இருக்கும். பின்னணிப் படத்தை மாற்றுவதானால் அகலமும் உயரமும் பழையதற்குச் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முழுதாக மீண்டும் இறக்குமதி செய்யுங்கள்.

தீப்பந்தம் இருக்கும் இடமெல்லாம் வெள்ளையாக வெளிறிப்போனால், விளக்கு இரண்டு முறை எரிகிறது: படத்திலேயே ஒளி பதிந்திருக்கிறது, அதன்மேல் ஆட்டமேசையும் ஒளி போடுகிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒளியை அணைத்துவிடுங்கள். மேப் அப்போது தட்டையாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். ஆட்டமேசையில் விளக்கு ஏறியதும் உயிர் வந்துவிடும்.

மூலையில் நூல் மாதிரி வெளிச்சம் கசிந்தால் இரண்டு சுவர்த் துண்டுகளின் முனை தொடவில்லை என்று பொருள். பெரிதாக்கிப் பார்த்து, ஒரு முனையை மற்றதன் மேல் இழுத்து வையுங்கள்.

மென்பொருள் திக்குகிறது, எக்ஸ்போர்ட் கறுப்பாக வருகிறது

இதற்குக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் மேப்பின் அளவுதான். வட்டில் 15 எம்.பி. தான் இருக்கிறதே என்று நினைப்போம். நினைவகத்தில் ஏறும்போது அந்தச் சுருக்கம் செல்லாது. ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் வேண்டும். டன்ஜன்டிராஃப்டின் பொருட்கள் ஒரு கட்டத்துக்கு 256 பிக்சல் என்ற அளவில் வரையப்பட்டவை. 40க்கு 40 கட்ட மேப்பை அந்த முழு அளவிலேயே எக்ஸ்போர்ட் செய்தால் 10240க்கு 10240 பிக்சல், அதாவது சுமார் 420 எம்.பி. நினைவகம், அந்த ஒரு படத்துக்கு மட்டும். ஆட்டக்காரர் கையில் இருப்பது பழைய போன் என்றால் அது திணறுவதில் வியப்பில்லை.

பல கிராஃபிக்ஸ் கார்டுகள் ஒரே படமாக ஏற்கும் உச்ச அகலம் 16384 பிக்சல். 256ஆல் வகுத்தால் சரியாக 64 கட்டம். 70 கட்ட அகலத்தில் வரைந்து முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்தால் 17920 ஆகிவிடும். அப்போதுதான் கறுப்புப் படமோ, பாதியில் வெட்டிய படமோ, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்ளும் மென்பொருளோ கிடைக்கும். வெப்பி வகைப் படத்துக்கும் 16383 பிக்சல்தான் எல்லை. ஐபோன், ஐபேட் சஃபாரியில் நெடுங்காலமாக இருந்துவந்த எல்லை இன்னும் சிறியது: அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் 1,67,77,216 பிக்சலைத் தாண்டக் கூடாது. 40க்கு 40 மேப்பை 100 பிக்சல் வீதம் கொடுத்தால் 1 கோடியே 60 லட்சம், மயிரிழையில் உள்ளே வந்துவிடும். எல்லோரும் ஐபேடில் ஆடும் குழு என்றால் இந்த எண்ணை மனதில் வைத்துத்தான் வரைய ஆரம்பிக்க வேண்டும்.

ஆகவே, எக்ஸ்போர்ட் அளவை 256லிருந்து 100 அல்லது 140க்கு இறக்குங்கள். அதுவும் போதவில்லை என்றால் நிலவறையை இரண்டு தளமாகப் பிரியுங்கள். நூறு அறை கொண்ட ஒரே மேப்பை ஒரே இரவில் யாரும் ஆடி முடிக்கப் போவதில்லை.

எக்ஸ்போர்ட் சரியாக வந்து, வரையும்போது மட்டும் திக்குகிறதா? லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருந்தால், விண்டோஸ் சின்னதைத்தான் மென்பொருளுக்குக் கொடுத்திருக்கும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராஃபிக்ஸ் போய், உங்கள் மேப் மென்பொருளுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று மாற்றுங்கள்.

படம் மங்கலாக இருக்கிறது

சிறிதாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டுப் பெரிதாக்குவதுதான் முதல் காரணம். அடுத்தது, மேப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவது. சுருங்கித்தான் போய்ச் சேரும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். எங்கிருந்தோ எடுத்த 128 பிக்சல் மரத்தை நான்கு மடங்கு இழுத்து வைத்திருந்தால் அந்த மரம் மட்டும் மங்கும். அதற்குப் பெரிய மரம் தேடுவதைத் தவிர வழியில்லை.

வாங்கிய மலைகளைக் காணோம், அல்லது நிறம் விகாரமாக இருக்கிறது

வொண்டர்டிராஃப்டில் புதிய அசெட் பேக் (மலை, மரம் போன்ற படங்களின் தொகுப்பு) போட்டும் பட்டியலில் வரவில்லையா? விண்டோஸில் ஆப்டேட்டா, ரோமிங், வொண்டர்டிராஃப்ட், அசெட்ஸ் என்று போய்ப் பாருங்கள். ஜிப்பைப் பிரித்ததில் 'மலைகள்' என்ற ஃபோல்டருக்குள் இன்னொரு 'மலைகள்' உட்கார்ந்திருக்கும். பேக்கின் பெயர் கொண்ட ஃபோல்டரைத் திறந்ததும் 'ஸ்பிரைட்ஸ்' அல்லது 'டெக்ஸ்சர்ஸ்' கண்ணில் பட வேண்டும். நடுவில் ஒரு அடுக்கு கூடுதலாக இருந்தால் மென்பொருளுக்குத் தெரியாது. உள்ளே இருப்பதை ஒரு படி மேலே இழுத்து, மென்பொருளை மூடித் திறந்தால் வந்துவிடும்.

மலை வருகிறது, ஆனால் சிவப்பு, பச்சை, நீலம் என்று பளிச்சென்று திட்டுத்திட்டாக இருக்கிறது என்றால் அது பழுதில்லை. அந்த மூன்று நிறமும் இடம் பிடித்து வைத்தவை. அந்த இடத்தில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மூன்று நிறங்கள் உட்காரும். அந்தக் குறியீட்டின் வரையும் முறை 'நார்மல்' என்று இருப்பதால் மூலப்படம் அப்படியே தெரிகிறது. 'கஸ்டம் கலர்ஸ்' ஆக மாற்றுங்கள்.

டன்ஜன்டிராஃப்டில் பழைய மேப்பைத் திறந்ததும் பொருட்கள் காணாமல் போனால், முதலில் அசெட்ஸ் பட்டியலில் அந்த பேக் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். டிக் இருந்தும் வரவில்லை என்றால், பேக்கை யாரோ புதிய அடையாள எண்ணோடு மறுபடி கட்டியிருப்பார்கள். மேப் பழைய எண்ணைத்தான் தேடும். அதனால் பழைய பேக் கோப்புகளை நான் அழிப்பதே இல்லை.

கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர் என்ற இன்னொரு மேப் மென்பொருளில் நிலம் முழுக்கச் சிவப்புப் பெருக்கல் குறிகளாக வந்தால், நிரப்பும் படக் கோப்பு அந்தக் கணினியில் இல்லை என்று அர்த்தம். வேறு கணினியில் வரைந்த மேப்பாக இருக்கும். அதே ஸ்டைல் பேக்கை இங்கேயும் நிறுவ வேண்டும். பளிச்சென்ற மெஜந்தா திட்டுகள் தெரிந்தால் எஃபெக்ட்ஸ் அணைந்திருக்கிறது. அந்த நிறத்தை வைத்துத்தான் அது ஓட்டை வெட்டுகிறது. எஃபெக்ட்ஸைப் போட்டதும் மெஜந்தா மறைந்துவிடும்.

தமிழ்ப் பெயர் எழுதினால் எழுத்து உடைகிறது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். எங்கள் மேசையில் எல்லோரும் தமிழில் பேசித்தான் ஆடுகிறோம். கோட்டைக்கும் காட்டுக்கும் தமிழில் பெயர் வைத்துவிட்டு மேப்பில் மட்டும் ஆங்கில எழுத்தில் போடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

'பேய்க்கோட்டை' என்று எழுதுகிறோம். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குள் 12 குறிகள், உச்சரிக்கும் வரிசையில்: முதலில் ப, பிறகு ஏகாரக் குறி, பிறகு ய, புள்ளி என்று போகும். ஏகாரக் கொம்பைத் தூக்கி ப-வுக்கு இடப்பக்கம் வைப்பது, 'கோ'வில் கொம்பை முன்னும் காலைப் பின்னுமாகப் பிரிப்பது, 'டை'யில் ஐகாரக் குறியை ட-வுக்கு முன் கொண்டுவருவது எல்லாம் எழுத்தை வரையும் இயந்திரத்தின் வேலை. அந்த வேலை தெரியாத இயந்திரம் குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்கும். ப தனியாக நிற்கும், அதன் கொம்பு அடுத்த ய-வின் தலையில் ஏறிக்கொள்ளும், கடைசியில் ஐகாரக் குறி அநாதையாகத் தொங்கும்.

வொண்டர்டிராஃப்டும் டன்ஜன்டிராஃப்டும் கோடோ என்ற கேம் இன்ஜினின் 3ஆம் தலைமுறையில் கட்டப்பட்டவை. எழுத்தைச் சேர்த்துக் கட்டும் வேலை கோடோவுக்குள் வந்தது 2023இல் வெளிவந்த 4ஆம் பதிப்பில்தான். ஆகவே எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. கோளாறு எழுத்துருவில் இல்லவே இல்லை.

வழி இரண்டு. நான் செய்வது முதல் வழி: மேப்பை எழுத்தில்லாமல் எக்ஸ்போர்ட் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் திறந்து, அதன் மேல் பெயர்களை எழுதுகிறேன். இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் தமிழைச் சரியாகக் கட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, காவிவனார் போன்ற இலவச எழுத்துருக்கள் மேப்பில் நன்றாக எடுபடும். போட்டோஷாப்பின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் எழுத்து அமைப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்'டைத் தேர்ந்தெடுத்தால்தான் தமிழ் சேரும்.

இரண்டாவது வழி, பழைய டி.டி.பி. சென்டர்களில் வேலை பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். பாமினி போன்ற யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவைப் பயன்படுத்துவது. அவற்றில் ஒவ்வொரு தமிழ் வடிவமும் ஒரு ஆங்கில எழுத்தின் இடத்தில் இருக்கும். கொம்பைத் தட்டச்சுப் பொறியில் போலவே முதலில் அடிக்க வேண்டும். வரிசை மாற்றும் வேலையே இல்லாததால், தமிழே தெரியாத மென்பொருளிலும் எழுத்து ஒழுங்காக விழும். யூனிகோடில் எழுதி, பாமினிக்கு மாற்றித் தரும் கருவியில் போட்டு, வரும் ஆங்கில எழுத்துக் கலவையை மேப்பில் ஒட்டி, எழுத்துருவைப் பாமினியாக மாற்றுங்கள். எக்ஸ்போர்ட் செய்த படத்தில் ஒரு பிசிறும் இருக்காது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் மூல மேப்பைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். எழுத்துருக் கோப்பையும் மேப்போடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அஸ்காரின் ஜெனரேட்டர் உலாவியில் ஓடுவதால் அதில் இந்தத் தொல்லை கிடையாது. உலாவியே தமிழைக் கட்டிவிடும்.

பெரிய நிலப்பரப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு நீட்டி எழுதுவது மேப்களின் வழக்கம். இடைவெளி அமைப்பைக் கூட்டினால் சில மென்பொருட்களில் கொம்பும் எழுத்தும் தனித்தனியாகப் பிரிந்து ஓடும். அதைத் தொடாமல், உயிர்மெய் கெடாதபடி நீங்களே நடுவில் வெற்றிடம் அடித்துப் பிரித்துவிடுங்கள்.

அச்சிட்டால் கட்டம் 1 அங்குலம் வரவில்லை

மேசையில் பொம்மை வைத்து ஆட ஒரு கட்டம் 1 அங்குலம் இருக்க வேண்டும். ஆட்டக் கணக்கில் அது 5 அடி. பிரிண்டர் தானாகவே 'ஃபிட் டு பேஜ்' போட்டுக் கொஞ்சம் சுருக்கிவிடும். முதல் தாளை மட்டும் அச்சிட்டு ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஏழு கட்டம் 17.8 சென்டிமீட்டர் வர வேண்டும். 17.2 வந்தால் அந்தச் சுருக்கம்தான் காரணம். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று மாற்றிவிட்டு மீதித் தாள்களை அச்சிடுங்கள்.

ஏ4 தாளில் பிரிண்டர் விடும் ஓரம் போக, நெடுக்குவாக்கில் 7க்கு 10 கட்டம் தாராளமாக அடங்கும். 24க்கு 16 கட்ட மேப்பை நெடுக்குத் தாளில் பிரித்தால் 8 தாள், படுக்கைத் தாளில் பிரித்தால் 9. பிரிக்கும் முன் இரண்டையும் போட்டுப் பாருங்கள். போஸ்டரேசர் என்ற இலவச மென்பொருள் படத்தைத் தாள் தாளாக வெட்டி பி.டி.எஃப். ஆகக் கொடுக்கும்.

தாள் ஒட்டப் பொறுமை இல்லையென்றால் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் கொடுக்கலாம். அந்த 24க்கு 16 கட்ட மேப் 2 அடிக்கு 1 அடி 4 அங்குலம். தாளுக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) என்றால் ஃபிளெக்ஸுக்கு 150 போதும், 3600க்கு 2400 பிக்சல். கடையில் "பேனர் அளவுக்கு இழுத்துவிடலாமா?" என்று கேட்பார்கள். இழுக்க வேண்டாம், அளவு மாறக் கூடாது என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள். எந்த வழியானாலும், அச்சுக்குப் போகும் நிலவறையைத் திரையில் கொஞ்சம் அதிக வெளிச்சமாகத் தெரியும்படி மாற்றிவிட்டு அனுப்புங்கள். திரையில் அழகாக இருக்கும் இருட்டு, தாளில் வெறும் கறுப்பாகிவிடும்.

நேற்று வரைந்த கண்டத்தைக் காணோம்

அஸ்காரின் ஜெனரேட்டரைத் திறந்ததும் வேறு ஏதோ ஓர் உலகம் வருகிறதா? பதறாமல் இருங்கள், அதில் எதையும் திருத்தவோ சேமிக்கவோ வேண்டாம். அது இயல்பாகவே ஒவ்வொரு முறையும் புதிய உலகைத்தான் காட்டும். லோட் பகுதிக்குப் போய், உலாவியின் சேமிப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நேற்று சேமித்திருந்தால் அங்கே இருக்கும். திறந்ததும் கடைசி மேப்பையே காட்டும்படி விருப்பங்களில் மாற்றியும் வைக்கலாம்.

அங்கேயும் இல்லையென்றால் உலாவியின் தரவைத் துடைத்திருப்பீர்கள், அல்லது வேறு உலாவியில் திறந்திருப்பீர்கள். விதை எண்ணும் (ஜெனரேட்டர் எந்த எண்ணிலிருந்து அந்த உலகை உருவாக்கியதோ அது) மேப்பின் அகல உயரமும் குறித்து வைத்திருந்தால், அதே பதிப்பில் அதே கடலும் மலையும் திரும்ப வரும். ஆனால் நீங்கள் மாற்றிய எல்லைகளும் வைத்த பெயர்களும் வராது. அவை உங்கள் கணினியில் இறக்கி வைத்த மேப் கோப்பில் மட்டும்தான் இருக்கும். வரைந்து முடித்த ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பை இறக்கி, தேதி போட்டு, இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வைக்கிறேன். ஒரு கண்டத்துக்கு ஆறு மாதம் பெயர் வைத்திருப்போம், கோப்பு சில எம்.பி. தான்.